பேரு இருக்குது, எடை இருக்குமா?

மார்கழி முடியப் போகிற ஒரு காலை. காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் பெரியப்பா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். வாக்காளர் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருந்த பக்கத்தின் ஜெராக்ஸ் என்று எல்லாவற்றையும் அதற்குள் போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தார். முறைப்படி அவர் எனக்குப் பெரியப்பா இல்லை. ஒரே தெரு, நாற்பது வருஷமாக அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. டயர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பது.

"தம்பி, போன்ல பாரு. என் பேரு இருக்குதா?"

வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. அம்மா வீட்டுக்கு வந்து படிவம் கொடுத்து, பூர்த்தி செய்ததை வாங்கிப் போனார். வரைவுப் பட்டியலில் பெயர் இருப்பதைப் பேத்தி இரண்டு முறை பார்த்துச் சொல்லிவிட்டாள். இருந்தும் மூன்றாவது முறை பார்க்கச் சொல்லி என்னிடம் கேட்கிறார். கேட்கத்தான் செய்வார். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6.41 கோடியாக இருந்த பட்டியல் 5.43 கோடியாகிவிட்டது. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று காரணம் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம். வடசென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் 1967 முதல் 2024 வரை பதினைந்து மக்களவைத் தேர்தல்களில், ஒன்றைக்கூட விடாமல் ஓட்டுப் போட்ட ஒரு மனிதரை இப்படி மூன்று முறை தேட வைத்திருக்கிறது இந்தத் திருத்தம். அது எனக்கு வலிக்கிறது.

பெயர் இருந்தது. பெரியம்மா பெயரும் இருந்தது. மீஞ்சூருக்குக் குடிபோன சின்ன மகன் பெயர் மட்டும் இல்லை. ஜனவரி 18-க்குள் படிவம் 6 கொடுத்தால் அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். தலையாட்டினார். முகம் தெளியவில்லை.

"பேரு இருக்குது, சரி. அந்த ஓட்டுக்கு எடை இருக்குமா? தொகுதி மறுவரையறைன்னு ஒரு வருஷமா டிவில கத்திக்கினு கீறானுங்க. ஒருத்தன் எட்டு சீட்டு போவும்ன்றான். இன்னொருத்தன் ஒண்ணும் போவாதுன்றான். நீ பொறுமையா சொல்லு. டீ நான் வாங்கித் தரேன்."

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நம் அரசியல் சட்டத்தின் 81-ஆவது பிரிவு சொல்வது எளிமையானது. எந்த மாநிலத்தை எடுத்துக்கொண்டாலும், இத்தனை தலைக்கு ஒரு எம்.பி. என்ற கணக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஜனத்தொகை மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகும் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும் என்கிறது 82-ஆவது பிரிவு. அதைத்தான் மறுவரையறை என்கிறோம்.

பெரியப்பாவின் முதல் ஓட்டே அப்படித் திருத்திய கணக்கில் போட்டதுதான். 1962 தேர்தலில் நமக்கு 41 எம்.பி.க்கள். 1961 கணக்கெடுப்பு வந்தது. அந்தப் பத்தாண்டில் நாட்டின் ஜனத்தொகை 21 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருக்க, இங்கே 12 சதவீதம்கூட வளரவில்லை. 1967 தேர்தலில் மக்களவை 494-லிருந்து 520 ஆகப் பெருத்தது. நம் 41 மட்டும் 39 ஆகச் சுருங்கியது. அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு ஆகியிருந்தது. அந்தத் தேர்தலோடு மாநிலத்தில் ஆட்சி மாறிய சந்தோஷம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு இடம் போனது அன்றைக்கு அவர் காதில் விழவே இல்லை.

அந்த இரண்டு இடம் எதற்கு ஆகும் என்று கேட்பவர்கள் 1999 ஏப்ரல் 17-ஐ நினைத்துப் பார்க்கலாம். வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரனும் புகழேந்தியும் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக ஒரு மாநிலம் ஏன் இடங்களை இழக்க வேண்டும், ஒரு எம்.பி.க்கு 200 கோடி ரூபாய் என்று வைத்து 14 தேர்தல்களுக்கு 5,600 கோடியை ஏன் இழப்பீடாகக் கொடுக்கக் கூடாது என்று கேட்டார்கள். 1961 கணக்கில் நாம் பின்தங்கியதற்குக் குடும்பக் கட்டுப்பாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இயக்கம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஆனால் தண்டனை அன்றே தொடங்கிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

பிறகு நடந்தது பெரியப்பா வீட்டுக் கதை. அவர் கூடப் பிறந்தவர்கள் எட்டுப் பேர். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் சுவருக்குச் சுவர் இருந்த காலம். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்த காலம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிரசவத்தோடு பெரியம்மா ஆபரேஷன் செய்துகொண்டார். "கவர்மெண்டு சொல்லிச்சு, செஞ்சோம். ரெண்டையும் படிக்க வெச்சோம்" என்றார் பெரியப்பா, டீ கிளாசைக் கீழே வைக்காமல்.

இப்படிச் சொன்னபடி செய்த மாநிலங்கள் இடத்தை இழக்கக் கூடாது என்றுதான் 1976-இல் 42-ஆவது திருத்தம் வந்தது. 1971 கணக்கெடுப்பின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள இடங்கள் 25 ஆண்டுகளுக்கு அப்படியே நிற்கும் என்றது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை இன்னொரு 25 ஆண்டு நீட்டியது: 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027-இல் வருகிறது. பூட்டின் சாவி அதில்தான் இருக்கிறது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதே மறுவரையறையோடுதான் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

"சரி, கணக்கு சொல்லு."

கடைக்காரரிடம் பில் பேப்பர் வாங்கி அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் ஜனத்தொகை 121 கோடி. 543 இடங்களையே வைத்துப் பிரித்தால் ஓர் எம்.பி.க்குச் சுமார் 22.3 லட்சம் பேர். நாம் 7.21 கோடி, 32 இடம்தான் தேறும். உத்தரப் பிரதேசம் 80-லிருந்து 90-ஐ எட்டும். கேரளத்தின் 20 இடம் 15 ஆகும். 2027-இல் எண்ணினால் இடைவெளி இன்னும் கூடும். ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது இங்கே 1.8, உத்தரப் பிரதேசத்தில் 2.4, பீகாரில் 3.

"யாருக்கும் குறைக்காம மொத்தமா ஏத்திட்டா? அதான் ஒண்ணும் போவாதுன்றானே."

அப்படித்தான் சொல்கிறார்கள். தென் மாநிலங்களுக்கு ஓர் இடம்கூடக் குறையாது என்று 2025 பிப்ரவரி 26-இல் கோவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா சொன்னார். 2023-இல் திறந்த புதிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் 888 நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். 800 எம்.பி.க்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனத்தொகைப்படி பிரித்தால் நமக்கு 48. ஒன்பது இடம் லாபம்போலத் தெரியும். இன்று 543-இல் 39 என்றால் 7.18 சதவீதம். 800-இல் அதே பங்கு இருக்க வேண்டுமானால் 57 வேண்டும். உத்தரப் பிரதேசமும் பீகாரும் சேர்ந்து இன்று 120. அன்று 201 ஆகும். எண்ணிக்கை குறையாமலே பங்கு குறைந்துவிடும்.

சதவீதம் அவருக்குப் பிடிபடவில்லை. யூனியன் கமிட்டியை வைத்துக் கேட்டேன். உங்கள் டிபார்ட்மெண்டுக்கு ஒன்பது பேர் கமிட்டியில் மூன்று ஆள். கமிட்டியை இருபதாக்கி உங்களுக்கு நாலு ஆள் என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

"அதெப்படி? ஒம்போதுல மூணுன்னா, நம்மள கேக்காம ஓவர்டைம் கணக்கு தீர்மானம் போட முடியாது. இருபதுல நாலுன்னா டீ குடிச்சிட்டு கையெழுத்து போட்டுட்டு வரவேண்டியதுதான்."

நான் மூன்று நாள் பேசினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நம் வீட்டு வக்கீலாக மட்டும் பேசியவன் ஆவேன். கடையில் கிளாஸ் கழுவும் பையன் பீகாரில் சமஸ்திபூர் பக்கம். சட் பூஜைக்கு ஊருக்குப் போனவன் நவம்பரில் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டுத்தான் திரும்பினான். விரலில் மை இருந்ததைப் பெரியப்பாவே பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார். அவனைக் காட்டிச் சொன்னேன்: 2011 கணக்குப்படி இங்கே பதினெட்டரை லட்சம் பேருக்கு ஒரு எம்.பி. இவன் ஊரில் 26 லட்சம் பேருக்கு ஒருவர். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று பார்த்தால் இன்று நஷ்டப்படுவது இவன்தான். ஐம்பது வருஷமாக.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன் கழுவிய கிளாஸ்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஊருல நல்ல ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் கொடுத்திருந்தா, அவன் ஆத்தாளும் ரெண்டோட நிறுத்தியிருப்பா. அவனும் இங்க வந்து கிளாஸ் கழுவ மாட்டான். அத செய்யாதவனுக்கு பரிசு, செஞ்சவனுக்கு அபராதமா?"

எனக்கும் அதுதான் தோன்றுகிறது. அந்தப் பையனுக்கு நியாயம் வேண்டும்; 26 லட்சம் பேருக்கு ஒருவர் என்பது அந்த எம்.பி.யாலும் தாங்க முடியாத சுமை. ஆனால் இந்தியா மாநிலங்களின் ஒன்றியம். தலைக்கணக்கு ஒன்றையே பார்த்தால் பெரிய மாநிலங்கள் முடிவெடுக்க, மற்றவை கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிடும். அமெரிக்காவில் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், நான்கு கோடியைத் தொடும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம்தான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 என்றால் குட்டி நாடான மால்டாவுக்கு 6. தலைக்கணக்குப்படி மால்டாவுக்கு ஓர் இடம் தேறுவதே கஷ்டம். நம் மாநிலங்களவையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கேயும் ஏறக்குறைய ஜனத்தொகைப்படிதான்: உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18. வரிப்பங்கில் நடந்ததைப் பார்த்திருக்கிறோம். பத்தாவது நிதிக்குழுவில் 6.6 சதவீதமாக இருந்த நம் பங்கு, 2011 ஜனத்தொகையை எடுத்துக்கொண்ட பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.08-இல் வந்து நின்றது.

நம்மைக் கேட்காமல் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பேட்டை இது. காலட்பேட்டை, வாய்ப்பேச்சில் காலடிப்பேட்டை ஆனது. என்ன நெய்ய வேண்டும், என்ன விலை என்பதைக் கோட்டையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தறியில் உட்கார்ந்தவரிடம் ஓட்டு இல்லை. முந்நூறு வருஷம் கழித்து அந்தப் பேட்டையின் கையில் இருப்பது ஓர் ஓட்டு. அதன் எடையைப் பற்றி எண்பது வயதுக்காரர் ஒருவர் காலை ஆறரை மணிக்குக் கவலைப்படுகிறார் என்றால் அதை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தீர்ப்பு இது. மாநிலங்களுக்கு இடையிலான பங்கு இன்றுள்ளபடி நிற்க வேண்டும். இன்னொரு 25 ஆண்டு நிறுத்திவைக்கலாம். 2025 மார்ச் 22-இல் மறுவரையறை பற்றிப் பேசச் சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழு கேட்டதும் அதுதான். அல்லது மொத்த எண்ணிக்கையைக் கூட்டினாலும் சதவீதத்தைத் தொடாமல் கூட்டலாம். அப்போது பீகார்ப் பையனின் எம்.பி.க்கும் சுமை குறையும், நம் குரலும் தேயாது.

"இது டெல்லி சமாச்சாரம். இப்போ வரது எம்.எல்.ஏ. எலக்‌ஷனாச்சே?" என்றார் பெரியப்பா கடைசியாக.

நமக்குள்ள 18 மாநிலங்களவை இடங்களுக்கு ஆள் அனுப்புவது எம்.எல்.ஏ.க்கள்தான். அரசியல் சட்டத்தைத் திருத்த இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே இந்தத் தேர்தலுக்கும் அதில் பங்கு உண்டு. இதைச் சொன்னதும் அவர் பில் பேப்பரை வாங்கி நான்காக மடித்து, பிளாஸ்டிக் கவருக்குள் வாக்காளர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் காட்டிக் கேட்கப்போகிறாராம்.

உங்கள் தெருவுக்கும் வருவார்கள். எந்தக் கட்சி, எந்தக் கூட்டணி என்று பார்க்காமல் இதையும் கேளுங்கள்: மக்களவையில் தமிழ்நாட்டின் பங்கு 7.18 சதவீதம், அது குறைய விடமாட்டோம் என்று உங்கள் கட்சி எழுத்தில் கொடுக்குமா? 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவில் எத்தனை தலை இருக்கிறதோ, அதுதான் புதிய கணக்கு. அதற்கு முன் பதிலை வாங்கிவிடுங்கள்.