பகுதி சபை: யாருடைய தன்னார்வம்?

தருமபுரி நகராட்சியில் 33 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலரோடு உட்கார்ந்து யோசனை சொல்ல, வார்டுக்காரர்களே கொண்ட ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குக் கீழே, வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைகள். தன்னார்வமுள்ள குடிமக்கள் முன்வர வேண்டும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். முன்வர யாரால் முடிகிறது, முன்வந்தவர்களில் ஆளைப் பொறுக்கியெடுப்பது யார் என்ற கேள்விகளை இந்தத் 'தன்னார்வம்' என்கிற சொல் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1993இல் நடைமுறைக்கு வந்த இரண்டு அரசியல் சட்டத் திருத்தங்களில் 73ஆவது, கிராமத்து வாக்காளர் அத்தனை பேரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியது. 74ஆவது நகரத்துக்குக் கொடுத்தது வார்டு குழு. அதையும் மக்கள்தொகை 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள ஊர்களுக்கே கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் 70 ஆயிரத்தை எட்டாத தருமபுரி இந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆக, நகராட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் ஊராட்சியில் குடியிருப்பவர் சபையில் எழுந்து நின்று கேட்கலாம். இந்தப் பக்கம் இருப்பவர் மனுவை வைத்துக்கொண்டு அலைய வேண்டும். நகரத்தான் படித்தவன், அவனுக்குக் கேட்கத் தெரியும் என்று நினைத்தார்களோ என்னவோ. தமிழகத்தில் 2010இல் சட்டத்தில் இதற்கு இடம் வைத்தார்கள். விதிகள் வந்தது 2022இல். நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நகரங்களில் கவுன்சிலர்களே கிடையாது, அதிகாரிகள் ராஜ்யம்தான். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்த பிறகுதான் பகுதி சபை என்ற பெயரையே பலரும் கேள்விப்பட்டோம்.

பகுதியின் வாக்காளர் எல்லாரும் சபையில் உட்காரலாம். ஆனால் வார்டு குழுவுக்குப் போகும் பகுதிப் பிரதிநிதியை அந்தச் சபை தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. குழுவின் தலைவர் கவுன்சிலர். மன்றத்தின் முன் வைக்கப்படும் பட்டியல் யாருடைய சட்டைப் பையிலிருந்து வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேர்தலில் பூத் வேலை பார்த்தவர் இப்போது 'தன்னார்வலர்' ஆகிறார். கேள்வி கேட்க வேண்டியவர், பதில் சொல்ல வேண்டியவரின் தயவில் நாற்காலி பெறுகிறார். அமெரிக்க நகரங்களில் குடியிருப்போர் விண்ணப்பம் போட்டு ஆலோசனைக் குழுக்களில் சேர்கிறார்கள். அங்கேயும் நியமிப்பது பெரும்பாலும் மேயரோ மன்றமோதான். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்தார். ஏழைகளில் சிலரைப் பொறுக்கியெடுத்துக் குழுவில் உட்கார வைப்பது அதில் ஐந்தாவது படி. தாஜா பண்ணுவது என்று நம் பேச்சில் சொல்லலாம். அதிகாரத்தைப் பங்கு போடுவது அதற்கு மேல் படியில்தான் தொடங்குகிறது.

இன்னொன்று, நேரம். தருமபுரியில் முதல் பிரச்சினை தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறையாகத் தொடங்கி, முற்றினால் எலும்பையே முடக்கும். 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைக் குடிக்கிற வீட்டுக்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் என்பது உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வி. கேன் வாங்க முடிந்தவருக்கு அது வெறும் எரிச்சல். குழுவில் உட்கார நேரமுள்ளவர் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், மனை விற்பவர். குழாயடியில் நிற்கிற பெண்ணுக்குப் பகல் கூட்டம் என்பது ஒருநாள் கூலி. குடிமைச் சமூகம், அரசியல் சமூகம் என்று பார்த்தா சாட்டர்ஜி பிரித்துக் காட்டியது இங்கே உதவும். முன்னவர் உரிமை பேசுவார். பின்னவர் கவுன்சிலர் வீட்டு வாசலில் பேரம் பேசிக் காரியத்தை முடிப்பார். வார்டு குழு முன்னவருக்கு நாற்காலி போடுகிறது. வாசல் பேரம் பழையபடி நடக்கிறது.

'பகுதி' என்ற சொல்லிலும் அரசியல் உண்டு. கோட்டை எங்கே போடுவது? காலனித் தெருக்களைத் தனிப் பகுதியாக்கினால் அங்கிருந்து ஒருவராவது குழுவுக்கு வருவார். பெரிய தெருக்களோடு சேர்த்துவிட்டால் 'ஊர்ப் பொதுவில்' கரைந்துபோவார். 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிக்கப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே 'பகுதி மக்களின் ஒருமித்த கருத்து' என்று எவராவது எழுதினால் நமக்கு உறுத்த வேண்டும்.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) போனவுடன் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. தீர்மானப் பக்கம் வெள்ளையாக இருந்தது. "அதெல்லாம் அப்புறமா எழுதிக்குவோம் சார், நீங்க போடுங்க" என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "எழுதறத இப்பவே எழுதுங்க சாமி. பதினோரு நாளா தண்ணி வரல. பதினொண்ணுன்னு எழுதுங்க." சிரித்தார்கள். அந்த அம்மா உட்காரவில்லை. கடைசியில் எழுதினார்கள்.

இது வெறும் கண்துடைப்பு, புறக்கணிக்க வேண்டும் என்கிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லாமல் போவது இந்தப் பதினொன்றால்தான். நோட்டில் ஏறிவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். கவுன்சிலர் மாறினாலும் அந்த எண் மாறாது. குழுவில் இடம் தேடுவதைவிடச் சபையில் வெறும் வாக்காளராக உட்காருவதே மேல் என்றுகூடத் தோன்றுகிறது. நியமனம் பெற்றவருக்கு அடுத்த பட்டியலில் பேர் இருக்குமா என்ற பயம் உண்டு, அந்த அம்மாவுக்கு அது இல்லை. கூட்டத்தை மாலையில், தெருவிலேயே வையுங்கள் என்று கேட்பது. எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்பது. இந்த இரண்டுக்கும் எவருடைய நியமனமும் வேண்டியதில்லை, அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.