அயலூரில் பெருநாள்

சோழமண்டலக் கரையினின்று கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் 1826-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். பொருளீட்டச் சென்றோர்க்குத் தொழுமிடம் வாய்த்தது. பெருநாளன்று தாயின் கைச்சோறு வாய்த்திலது. தக்பீர் முழக்கம் சொந்த ஊரில் கேட்டதேதான்; தழுவிக்கொள்ளும் தோள்கள்தாம் வேறு.

இத்தகையோன் தன் ஃபித்ராவை எங்கே ஈவது? ஊரிலுள்ள ஏழை உறவினர்க்கே அனுப்பிட உள்ளம் விழையும். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமோ, நோன்பின் இறுதி நாள் கதிரவன் மறைகையில் ஒருவன் எவ்வூரில் இருக்கின்றானோ, அவ்வூரார் உண்ணும் தானியத்தில் ஒரு ஸாவு அளந்து, அவ்வூர் ஏழைக்கே, பெருநாள் தொழுகைக்கு முன்னர் வழங்கப் பணிக்கிறது. (அங்கும் அரிசிச் சோறே, நம்மவர்க்குத் தொல்லையில்லை!) உறவினர்க்கு ஸதக்காவைத் தனியே அனுப்பலாம், தடையேதுமில்லை. ஆனால் ஃபித்ரா அரிசியைச் சுமந்துகொண்டு, மொழியறியாத அண்டை முஸ்லிமின் கதவை அவன் தட்டியே ஆகவேண்டும்.