செய்வித்தலும் செய்யவிடுதலும்

யப்பானிற் றொழில்புரிய விழைவோரை அனுப்புதல் குறித்து 2019ஆம் ஆண்டில் இலங்கை அந்நாட்டுடன் உடன்பாடு செய்துகொண்டது. அவ்வழிச் செல்வோர் பொதுவாக யப்பான்மொழித் தேர்விலும் தேறல் வேண்டும். அம்மொழி பயில்வோரை மயங்கவைப்பது பிறவினை. நன்னூல் கற்ற நமக்கோ அது முற்றும் புதிதன்று.

நம் தோட்டத்துத் தொழிற்சாலையையே நோக்குவோம். கொழுந்து வாடும், தொழிலாளர் வாட்டுவர். கொழுந்து உருளும், பொறி உருட்டும். இனி, 'செய்' என்பதனோடு 'வி' சேரின் 'செய்வி' ஆம். அதன்மேற் 'பி'யும் இணையின் ஏவுவோர் இருவராவர் என்பர் பவணந்தியார். தொழிலாளி செய்தார், கங்காணி செய்வித்தார், துரை செய்விப்பித்தார். தோட்டத்து மேல்கீழ் அடுக்கை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது!

யப்பான்மொழியிலும் விகுதி வினையடியின் பின்னரே ஒட்டும். (இரு மொழிகளும் உறவின என நாட்ட முயன்றார் பேராசிரியர் சுசுமு ஓனோ, மொழியியலார் பெரும்பாலோர் உடன்பட்டிலர். அவ்வழக்கு நிற்க.) 'யொமு' என்பது வாசித்தல், ஈற்று உகரம் அகரமாகிச் 'செரு' சேர, 'யொமசெரு' ஆம். 'தபெரு' என்பது உண்ணல். அதன் 'ரு' கெட்டுச் 'சசெரு' சேர, 'தபெசசெரு' ஆம். 'சுரு' என்னும் செய்தல் 'சசெரு' எனவும், 'குரு' என்னும் வருதல் 'கொசசெரு' எனவும் விதியின்றித் திரியும். இவற்றை மனனஞ் செய்தலே வழி.

இடர்ப்பாடு வடிவிலன்று, பொருளில். நாம் 'வாசிக்கச் செய்', 'வாசிக்க விடு' என இரண்டாகக் கூறுவதை அவர்கள் 'யொமசெரு' என ஒன்றாலேயே கூறுவர். வற்புறுத்தலோ இசைவோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். செயப்படுபொருள் குன்றிய வினையாயின், செய்வோர் பெயரின்பின் 'ஒ' வரின் வற்புறுத்தல், 'நி' வரின் இசைவு என்பது ஒரு விதி. அதுவும் எங்கணும் நில்லாது. பொருள் குன்றா வினைக்கு 'நி'யே வரும்.

'யசுமு' என்பது ஓய்வெடுத்தல். விடுப்பு வேண்டுவோர், 'யசுமசெத்தெ குடசை', அதாவது 'என்னை ஓய்வெடுக்க விடுங்கள்' என்பர். பிறவினையை மறந்து 'யசுந்தெ குடசை' என்பாராயின், முதலாளியையே ஓய்வெடுக்கச் சொன்னவராவர்!

பிறவினையின்மேற் செயப்பாட்டு விகுதியுஞ் சேரின் இசைவுப்பொருள் பெரும்பாலும் நீங்கிவிடும். 'யசுமசெரரெரு' என்பது தான் வேண்டாதிருக்கவும் ஓய்வெடுக்க வைக்கப்படுதல். வேலை கொடாது வீட்டில் இருத்தப்பட்ட ஒருவர், தாம் விடுப்புக் கேட்டிலர் என்பதை முறைப்பாட்டில் எழுதற்கு உரிய வடிவம் இதுவேயாம்.