கருத்தரங்கும் கருவூலமும்

இயற்பியல் படிக்கும் எனக்கு நிதிக்கொள்கையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அரசு எவ்வளவு வரி வாங்குவது, எதற்குச் செலவிடுவது, கடன் பட்டேனும் செலவிடலாமா என்பனவே நிதிக்கொள்கை. அது அமைச்சர் அறையில் மட்டும் பிறந்ததன்று. இளைஞர் கூடி வாதிட்ட கருத்தரங்குகளிலும் வளர்ந்தது.

1930ஆம் ஆண்டின் இறுதி. உலகெங்கும் வேலையின்மை. கேம்பிரிட்ஜில் இளம் அறிஞர் சிலர் கெயின்ஸின் நூலொன்றை அலசி வந்தனர். கெயின்ஸ் அக்கூட்டத்திற்கு வருவதில்லை. எழுந்த ஐயங்களை ரிச்சர்டு கான் அவரிடம் கொண்டு செல்வார். அந்தக் கானே 1931இல் ‘பெருக்கி’யை விளக்கினார். அரசு 100 ரூபாய் கூலி கொடுத்தால், பெற்றவர் 80 ரூபாயைச் செலவிடுவார். அதைப் பெற்றவர் 64 ரூபாயை. இப்படியே கூட்டினால் 100 என்பது 500 ஆகும். நாம் படித்த பெருக்குத் தொடர்தான்! 1937 முதல் ஹார்வர்டில் ஹான்சனும் வில்லியம்சும் நடத்திய நிதிக்கொள்கைக் கருத்தரங்கில் மாணவரோடு அரசு அதிகாரிகளும் அமர்ந்தனர். கருத்து கருவூலத்தை எட்டியது.

ஆனால் இக்கணக்கு நம் நாட்டுக்குப் பொருந்துமா? காஞ்சிபுரத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வி.கே.ஆர்.வி. ராவ் 1952இல் இதைக் கேட்டார். இங்கிலாந்தில் ஆலையும் ஆளும் சும்மா கிடந்தன. பணம் புழங்கியதும் பொருள் பெருகியது. இங்கோ மழையை நம்பிய நிலம். பணம் பெருகினாலும் நெல் உடனே பெருகாது. விலைதான் ஏறும் என்றார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. தருமபுரிப் பக்கம், இரண்டு ஏக்கர் மானாவாரியில் அப்பாவும் சித்தப்பாமார் மூவரும் பாடுபட்டனர். அப்பா கட்டட வேலைக்குத் தொம்மலூர் வந்துவிட்டார். கேழ்வரகு ஒரு மூட்டையும் குறையவில்லை! நால்வருக்கும் வேலை இருந்ததாகத் தோன்றியது. உண்மையில் ஒருவருக்கு இல்லை. பொருளியலார் இதனை மறைமுக வேலையின்மை என்பர். கேம்பிரிட்ஜ் கணக்கில் அப்பாவுக்கு இடமில்லை. ராவின் கணக்கில் இருந்தது.

அந்த ராவ்தான் 1972இல் இதே பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இன்றும் அங்குக் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன.

நம்மில் பலர் கருத்தரங்கில் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆங்கிலம் தடுமாறுமோ என்று அஞ்சி, வாய் திறவாமல் எழுந்து வருகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். நண்பர்களே, நம் ஊரின் மண்ணை அறிந்தவர் நாம். நாம் கேளாவிட்டால், நம் ஊர் இல்லாமலே கணக்கு முடிந்துவிடும்.