நன்றி வேறு, கடன் வேறு



இந்த மாதம் நன்றி உணர்வைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு விதமான பதில் வருகிறது. "நமக்கு என்ன பெருசா கெடைச்சிருச்சு, யாருக்கு நன்றி சொல்ல?" என்று சிலர் கேட்கிறார்கள். "அவசரத்துக்குப் பணம் கொடுத்தாரு. அந்த நன்றிக்காக அவரு சொன்னதைத் தட்ட முடியலைங்க" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே யோசிக்க வேண்டிய பேச்சு.

சாமி கும்பிடுவதில் பாதி கேட்பது, பாதி நன்றி சொல்வது. தை முதல் நாள் சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, அதுக்கும் படைக்கிறோம். ஆடி 18-ல் தண்ணீரை வணங்குகிறோம். நம்ம இஸ்லாமியச் சகோதரிகள் சாப்பிட்டு முடித்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்கிறார்கள். கிறிஸ்தவச் சகோதரிகள் அறுப்பின் பண்டிகையில் விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டு போகிறார்கள். எந்த மதமானாலும் விளைச்சல் வந்ததும் முதல் வேலை நன்றிதான்.

திருக்குறளில் 11-வது அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. 10 குறள்கள். இந்த அதிகாரத்தைத் திருவள்ளுவர் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். ஆக, இது காவி கட்டியவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. அடுப்பு ஊதி, ஆடு மேய்த்து, களை எடுக்கிற நமக்கும் உரியது.

கல்லில் வெட்டாத பெயர்கள்

சோழர் காலத்தில் கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஆடுகளைத் தானம் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பல கோயில்களில் வழக்கம். கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் எலவனாசூர்கோட்டை சிவன் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உதவியை மறக்கக் கூடாது என்று கல்லிலேயே எழுதினது நல்ல பழக்கம்தான்.

ஆனால் அந்த ஆட்டை மேய்த்தவர் யார்? கோயில் கட்டக் கல் சுமந்தவர் யார்? நெல் குத்தின பெண் யார்? பெரும்பாலும் அந்தப் பெயர்கள் கல்லில் ஏறவில்லை. நம்ம வீட்டிலும் அப்படித்தான். சம்பாதித்துக் கொடுப்பவரை எல்லோரும் நினைக்கிறோம். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து வைக்கிற மாமியாரையோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெரிய மகளையோ யாரும் நினைப்பதில்லை. கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி வருகிறது. கீழே விளையும் நெல்லுக்கும் கரும்புக்கும் மேலே இருக்கிற காடும் ஒரு காரணம். இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதைத் தேடிப் பார்ப்பதுதான் நன்றியின் முதல் படி.

நன்றியைக் காட்டிக் கட்டிப்போட விடாதீங்க

இப்போது இரண்டாவது பேச்சுக்கு வருவோம். முன்பணம் கொடுத்துவிட்டு, "கஷ்டத்துல நான்தானே உதவினேன், நன்றி கெட்டுப் போயிட்டு வேற எடத்துக்கு வேலைக்குப் போவியா?" என்று குடும்பத்தையே பிடித்து வைப்பது உண்டு. அதற்குப் பெயர் நன்றி இல்லை, கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அப்படிப்பட்ட கடனும் செல்லாது என்கிறது. யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம்.

நன்றி என்பது நம் மனசிலிருந்து தானாக வருவது. ஒருவர் அதைக் கேட்டு வாங்கினால் அது வசூல். சட்டப்படி நமக்கு உரிய கூலி, ரேஷன், குழுக் கடன் இதையெல்லாம் யாரோ பிச்சை போட்ட மாதிரி குனிந்து வாங்க வேண்டியதில்லை. வேலையைச் சரியாகச் செய்த அலுவலருக்கு ஒரு நன்றி சொல்லலாம், அது பண்பு. ஆனால் கையெழுத்துக்குக் கைமாற்று கொடுப்பதும், காசு கொடுத்தார் என்று ஓட்டுப் போடுவதும் நன்றி ஆகாது.

வீட்டில் அடி உதை வாங்கும் ஒரு சகோதரியிடம் "சோறு போடுறாரே, நன்றியோட இரு" என்று எந்தக் குழுவிலும் சொல்லாதீர்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்படி இழந்தவர்களிடம் போய் "இருக்கிறதை நெனச்சு நன்றி சொல்லு" என்பது கொடுமை. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி கொடுப்பதுதான் ஆன்மிகம். நன்றி அவர்களுக்கே தோன்றும்போது தோன்றட்டும்.

வாங்கினதை அடுத்தவருக்குக் கொடுங்க

எல்லா உதவியையும் கொடுத்தவருக்கே திருப்ப முடியாது. மழைக்கு என்ன திருப்பித் தருவோம்? வள்ளலார் 1867 மே 23-ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். இடம் கொடுத்தது பார்வதிபுரம் மக்கள். அன்று மூட்டின அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. எங்கிருந்தோ மக்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பசியோடு வருகிற யாரோ சாப்பிடுகிறார்கள். கொடுத்தவரும் சாப்பிட்டவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக் கூட மாட்டார்கள்.

நம்ம குழுவும் இப்படி வந்ததுதான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முறை 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1991-92-ல் சேலத்துக்கும், நம்ம பகுதி அன்றைக்கு இருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பேச்சையும் ஏச்சையும் தாங்கிக்கொண்டு முதலில் கூட்டத்துக்கு வந்த அந்த அக்காக்களை நமக்குத் தெரியாது. புதுசாகத் தொடங்கும் ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தால், அதுவே அவர்களுக்கு நாம் சொல்லும் நன்றி.

குழுவில் செய்து பாருங்கள்

அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, 10 வாரம், நன்றிக்குரிய விஷயங்களை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள். நன்றியை எழுதினவர்களுக்கு வாழ்க்கை மேல் திருப்தியும் வரும் வாரத்தின் மேல் நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. நமக்கு வாரக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே:

1. சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு நன்றியைச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், யார், என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

2. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பெயர்களைத் தீர்மான நோட்டின் பின்பக்கம் எழுதட்டும். அதுதான் நம்ம கல்வெட்டு.

3. அந்த நபரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மகளானாலும் சரி, மருமகளானாலும் சரி.

4. சொல்ல மனசு வராத வாரம் சும்மா இருக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

5. "இந்த நன்றி என்னைத் தலை நிமிர வைக்குதா, குனிய வைக்குதா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். குனிய வைத்தால் குழுவில் பேசுங்கள்.

10 வாரம் கழித்து அந்தப் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். யார் பெயர் நிறைய வந்திருக்கிறது, யார் பெயர் ஒருதடவை கூட வரவில்லை என்று தெரியும். பெயர் வராதவர் வீட்டுக்கு அடுத்த வாரம் எல்லோருமாகப் போய் வாருங்கள்.