சாப்பிட மறுக்கும் மலைப்பாம்பு

2020 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் பந்து மலைப்பாம்பு ஒன்று ஏழு முட்டைகள் இட்டது. அதன் வயது அறுபதுக்கு மேல் இருக்கும் என்று கணித்தார்கள். 1961-இல் அதை வளர்த்த ஒருவர் அங்கே கொடுத்த பாம்பு அது. இவ்வளவு காலம் வாழக்கூடிய உயிர், நான்கு வாரம் சாப்பிடவில்லை என்றதும் புதிதாக வாங்கியவர் பதறிப்போகிறார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் போன்ற பகுதிகளைச் சேர்ந்தது பந்து மலைப்பாம்பு. நஞ்சில்லை, கடிப்பது அரிது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதியவர்கள் இதை விரும்பி வாங்க அந்தச் சாதுவான குணமே காரணம்.

தீனி எலிதான். அங்கே கடைகளில் உறையவைத்த எலிகள் அளவுவாரியாகக் கிடைக்கின்றன. பாம்பின் உடல் எங்கே மிகவும் பருத்திருக்கிறதோ, ஏறத்தாழ அந்தப் பருமனுள்ள எலி போதும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீங்கியபின், பையோடு வெந்நீரில் சூடேற்றி, நீண்ட இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்து தாக்கும் பாம்பு இது. ஆறிப்போன எலியைக் கண்டுகொள்ளாது. உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விடுவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. பால், முட்டை எதுவும் வேண்டாம். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

விழுங்கியபின் உடலுக்குள் நடப்பது வியப்பானது. அதன் உறவான பர்மிய மலைப்பாம்பின் இதயத் தசை, சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் 40 சதவீதம் வரை பெருக்கிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. செரிமானத்துக்கு வேண்டிய சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இல்லாவிட்டால் இரையைக் கக்கிவிடக்கூடும். கையில் எடுத்து அலைத்தாலும் அப்படி ஆகலாம், அதனால்தான் சாப்பிட்டபின் இரண்டு நாளுக்காவது தொடக் கூடாது என்கிறார்கள்.

இனி, அந்தப் பட்டினி. காட்டில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் பாம்பை, நாலாபக்கமும் மறைப்பில்லாத கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது எப்படிச் சாப்பிடும்? உடல் இறுக்கமாக அடையும் அளவில் சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரண்டு மறைவிடம் வைத்து, வந்த முதல் வாரம் தொடாமல் விட்டாலே பல பாம்புகள் சாப்பிடத் தொடங்குகின்றன. கண் நீலம் பூத்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அப்போதும் மறுக்கும். வளர்ந்த ஆண் பாம்புகள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில்கூட உண்ணாமல் இருப்பதுண்டு.

மறுத்தால் அன்றாடம் எலியை நீட்டித் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு வாரம் விட்டு மறுபடி முயலலாம். இடையில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. எடை தொடர்ந்து இறங்கினாலோ, வாயில் சளி கண்டாலோ, மூச்சு இரைந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும்.