தாத்தா பாட்டிகளின் சைக்கிள் வரிசை

பிரிட்டன் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், குழந்தைகளே. தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த முனையின் பெயர் லேண்ட்ஸ் எண்ட். வடகிழக்குக் கோடியில், ஸ்காட்லாந்தில், ஜான் ஓ குரோட்ஸ். சாலை வழியாகப் போனால் சுமார் 1,400 கிலோமீட்டர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து இவ்வளவு தூரத்தையும் சைக்கிளில் கடக்கிறார்கள். அவர்கள் மிதிப்பதைப் பாராட்டி உறவினரும் அக்கம்பக்கத்தாரும் மருத்துவ ஆராய்ச்சி போன்ற நல்ல காரியங்களுக்கு நன்கொடை தருகிறார்கள்.

அறுபது, எழுபது வயதில் இது எப்படி முடிகிறது?

சமதரையில் அவர்களுக்குப் பெரிய எதிரி காற்றுதான். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால், உழைப்பில் பாதிக்குமேல் காற்றை விலக்கவே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும்!

இங்கேதான் நண்பர்கள் கைகொடுக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு வரிசையாகப் போகிறார்கள். முன்னால் இருப்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் எதிர்ப்புக் குறைந்த இடம் உண்டாகிறது. அதில் ஒண்டிக்கொண்டு வருகிறவருக்குக் கால்பங்கு உழைப்புக்கூட மிச்சமாகலாம். முன்னவருக்கும் சின்ன லாபம் உண்டு: அவரைப் பின்னுக்கு இழுக்கிற சுழற்காற்று, பின்னால் ஒருவர் நெருங்கி வரும்போது கொஞ்சம் அடங்குகிறது. சில நிமிடங்களில் முதல் ஆள் ஒதுங்கி, வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொள்வார். களைத்தவரை நடுவிலேயே வைத்துக் கூட்டிப்போவார்கள். பள்ளம் வந்தால் முன்னவர் கையால் காட்டுவார். யாரும் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. நல்ல பழக்கம் வேண்டிய வேலை இது, நம் தெருவில் நீங்கள் முயல வேண்டாம்.

பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனால்தான் பலரும் தெற்கே கிளம்பி வடக்கே போகிறார்கள். காற்று முதுகைத் தள்ளிவிடும்.

மேட்டுக்குக் கியர் இருக்கிறது. முன்பல்சக்கரத்திலும் பின்பல்சக்கரத்திலும் 34 பற்கள் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. வண்டி சுமார் 2 மீட்டர் நகரும். பின்னால் 17 பல்லுக்கு மாற்றினால் 4 மீட்டர். மேட்டில் முதல் வகைதான் நல்லது. அதிகச் சுற்று மிதிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் பாதி பலம் போதும். முழங்கால் பிழைத்தது!

உடம்புக்குள்ளேயும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி உண்டு. கிருமிகளோடு போராடும் டி செல்கள் அங்கேதான் பக்குவமடைகின்றன. வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். நெடுங்காலமாகச் சைக்கிள் ஓட்டிவரும் 125 பேரை, 55 முதல் 79 வயதுக்காரர்களை, பிரிட்டன் விஞ்ஞானிகள் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். இளைஞர்களுக்கு இணையாக அவர்கள் உடம்பில் புதிய டி செல்கள் உருவாகிக்கொண்டிருந்தன. எலும்புக்கு மட்டும் சைக்கிள் போதாது. உடம்பின் எடையை இருக்கை தாங்கிவிடுகிறதல்லவா? அதற்கு நடக்கவும் வேண்டும்.

பிரான்சில் ராபர்ட் மார்ஷான் என்றொருவர் இருந்தார். 2012-இல், தம் 100-ஆவது வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டினார். பிறகு ஒரு பெண் விஞ்ஞானி வகுத்துத் தந்த பயிற்சிப்படி, பெரும்பகுதி மெதுவாகவும் கொஞ்சம் வேகமாகவும் மிதித்துப் பழகினார். 2014-இல் மறுபடி வந்தார். வயது 102. இந்த முறை ஓட்டியது, ஏறக்குறைய 27 கிலோமீட்டர்.